பிள்ளையை வாசி வாசி எண்டு நெருக்காதை

அன்பு மகளுக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம். இரணைமடுக் குளத்து வான்கதவு பூட்டியாச்சு, அப்பா காலபோக நெல்லுக்கு வெட்டு மிசின் பாத்துக்கொண்டு திரியிறார். மற்றப் புதினம் தம்பி சொல்லியிருப்பான். கொஞ்ச நாளா நீ வீடியோ கோல் எடுக்கேல்லை, வேலையாக்கும் எண்டு இருக்கிறன்.

கடைசியாக் கதைக்கேக்கை பின்னாலை பேரன் அழுற சத்தம் கேட்டது. நான் ஒண்டும் கேக்கேல்லை, நீயும் சொல்லேல்லை. ஜூனிலை உங்கடை இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்திலை உந்த ஃபொனிக்ஸ் சோதனை வருது, எழுத்தின்ரை சத்தத்தைக் கூட்டி வாசிக்கிறது, 40 சொல்லு, அதிலை பாதி அர்த்தமே இல்லாத சொல்லு எண்டு நீதான் சொன்னனி. சோதனை வரட்டும் போகட்டும், அதுக்காக ஆறு வயசும் முடியாத பிள்ளையை ராவிலை மேசையிலை இருத்தி வைச்சிருக்காதை. பின்லாந்திலை 7 வயசிலைதான் முதலாம் வகுப்பே, அந்தப் பிள்ளையள் என்ன படிக்காமலே போகுதுகள்?

உன்னைக் குறை சொல்லேல்லை பிள்ளை. வேலைக்கும் போய், சமைச்சு, அவனோடை தமிழும் விடாமல் கதைக்கிறாய், கோயில்லை கேக்கிற ஆக்களிட்டை எல்லாம் பெருமையாச் சொல்லுறனான். ஆனா முன்பள்ளியிலை இவ்வளவு காலம் படிப்பிச்ச தாயிட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு வயசிலை வாசிச்ச பிள்ளையும் கண்டனான், ஏழிலை வாசிச்சதும் கண்டனான், அஞ்சாம் வகுப்புக்கு வரேக்கை ஆர் முந்தி ஆர் பிந்தி எண்டு எனக்கே பிடிபடாது. ஒரு பெட்டை இருந்தவள், தாய் வாசல்லை நிண்டால் விரல் நுனி வெளிறுமட்டும் பென்சிலை இறுக்கிக்கொண்டு இருப்பாள், ஒரு எழுத்தும் வராது. தாய் அங்காலை போனவுடனை மண்ணிலை குச்சியாலை தன்ரை பேரை எழுதிக் காட்டுவாள்.

தம்பியை மறந்திட்டியே? 2009 இலை முதலாம் வகுப்புக்குப் போகவேண்டியவன். மெனிக் பாம் அகதி முகாமிலை மரத்துக்குக் கீழை படிப்பிச்சவை, அவன் போய் சும்மா இருந்திட்டு வருவான். ராவிலை அப்பம்மா சொல்லுற கதையளை மட்டும் வாய் பாத்துக்கொண்டு கிடப்பான். ஊருக்கு வந்து எட்டு வயசிலைதான் றோட்டுக்கரைச் சிவப்புப் போட்டைப் பாத்து மி, தி, வெ, டி எண்டு எழுத்துக் கூட்டினவன், நீயும் பக்கத்திலை நிண்டனி. அதுக்குப் பிறகு அவனைப் பிடிக்கேலாமப் போச்சு. சொல்லெல்லாம் முதலே காதுக்கை கிடந்தது, எழுத்து பேந்து வந்து ஒட்டிச்சுது. இண்டைக்கு வவுனியாக் கம்பஸிலை படிக்கிறான்.

அதாலை நீ பேரனுக்கு வாசிச்சுக் காட்டு. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் வாசி. பாடமாக்கி வைச்சுச் சொன்னால் இது வாசிப்பில்லை எண்டு பிடிக்காதை, அப்பிடித்தான் தொடங்கும். கண்ணையும் காதையும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு, சில பிள்ளையளுக்கு அதுதான் காரணம். ரீச்சர் ஏதும் சொன்னால் கேள், கேக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா அவனை ஏசாதை. அழ அழ இருத்தி வைச்சால் புத்தகத்தைக் கண்டாலே அவனுக்கு வெறுத்துப் போகும். அடிக்காதை எண்டு எழுத எனக்குக் கை வரேல்லை, நீ அடிக்கமாட்டாய் எண்டு தெரியும்.

நீ நித்திரை கொள்ளுறியோ? குரல் அடைச்சமாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கோல் எடு. அவனிட்டைப் போனைக் குடுத்திட்டு நீ போய்ப் படு, நான் அவனுக்கு நரிக்கதை சொல்லுறன். எங்கை வாசிச்சுக் காட்டு எண்டு நான் கேக்கமாட்டன், மருமகனையும் கேக்கவேண்டாம் எண்டு சொல்லு.

அம்மா