மகனின் வள்ளமும் பெரிய சூரையும்

வள்ளவிளை

அன்புள்ள ஆன்றனி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். செலினுக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை. ஜூலை 31-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் நம் ஊர் விசைப்படகுகள் கொச்சிக்குப் போய்விட்டன. கரையில் மிச்சம் இருப்பது என்னைப் போன்ற கிழவர்களும் ஃபைபர் வள்ளங்களும்தான்.

சரி, உன் மகன் விஷயம். பொழியூரிலிருந்து போய் பெரிய மஞ்சள் சூரை (டூனா மீன்) பிடித்தான், ஏற்றும்போது வள்ளம் சாய்ந்து தண்ணீர் ஏறிவிட்டது, பையனுக்குப் பலம் போதவில்லை என்று எழுதியிருக்கிறாய். பலத்தில் ஒரு குறையும் இல்லை மக்கா. மீனைப் பார்த்த சந்தோஷத்தில் மூன்று பேரும் ஒரே பக்கம் ஓடியிருப்பார்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலே 195. அதோடு 50 கிலோ மீனும் அதே விளிம்பில் தொங்கினால் எந்த வள்ளம் தாங்கும்? ஒருத்தன் எஞ்சின் பக்கம், மீனுக்கு எதிர்ப்புறமாக உட்கார்ந்தே இருக்கவேண்டும். மீன் நழுவினாலும் அவன் எழுந்து வரக்கூடாது.

கட்டுமரத்தில் நமக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லையே, ஏன் என்று யோசித்தாயா? மரம் தண்ணீர் மட்டத்திலேயே கிடக்கும், மீனைத் தூக்க வேண்டியதில்லை, சரித்து இழுத்தால் போதும். வள்ளத்துக்கு விளிம்பு உண்டு. தண்ணீருக்குள் இருக்கும்வரை மீனுக்கு எடையே தெரியாது, தலை வெளியே வந்ததும்தான் பாரம் முழுவதும் கைக்கு வரும். ஆகவே விளிம்பு மீன் பக்கம் தாழும் நேரம் பார்த்து, தலையை அதன்மேல் ஏற்றிப் பிடித்துக்கொள்ளச் சொல். அடுத்த அலையில் வள்ளம் மறுபக்கம் உருளும்போது அதுவே மீனைக் கொண்டுவரும். பாதிப்பேர் விளிம்பு உயரும்போது மூச்சுப்பிடித்து இழுத்து இடுப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்கு முன்னால் மீன் களைக்கவேண்டும். தூண்டில் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, சூரை திடீரென்று ஆழத்துக்குப் பாய்ந்தால் விரல் போகும், சிலசமயம் ஆளும் போவான். பக்கத்தில் வந்ததும் கொக்கிக் கம்பு தலையில் விழவேண்டும், வயிற்றில் போட்டால் சதை கிழியும், விலையும் கிழியும். வாலில் ஒரு சுருக்குப் போட்டுவிட்டால் அதன் ஓட்டம் நின்றது. மண்டையில் தடியால் அடித்து அடக்கிவிட்டுத்தான் உள்ளே எடுக்கவேண்டும். துடிக்கிற மயில்மீனின் ஈட்டி போன்ற மூக்கு என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னும் பெரிதாக இருந்தால் இரண்டு கயிறுகளின் நுனியை உள்விளிம்பில் கட்டி, மீனுக்கு அடியில் விட்டு, மறுநுனிகளை மேலே இழுக்கட்டும். லாரியில் மரத்தடியை உருட்டி ஏற்றுவது போலத்தான். பாரத்தில் பாதியைக் கட்டிய நுனியே சுமக்கும். அதற்கும் வராததை ஏற்ற நினைக்க வேண்டாம். தலை முன்னால் இருக்கும்படி பக்கத்தில் கட்டி மெதுவாக இழுத்து வரலாம். வழியில் சுறா கடித்தால் கடிக்கட்டும்.

ஆனால் சூரையை அப்படி நெடுநேரம் இழுக்கக்கூடாது. அதன் உடம்பு கடல்நீரைவிடச் சூடானது, போராடப் போராடச் சூடு இன்னும் ஏறும். அப்படியே விட்டால் சதை வெளிறிப்போகும், சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து தடிக்கும். உடனே ரத்தம் வடித்து ஐஸில் போட்டால்தான் நல்ல விலை. ஐஸுக்கு இடம் இல்லாத வள்ளத்தில் பெரிய சூரைக்குப் போவதே வீண் என்பது என் கட்சி.

நீ அனுப்பிய வீடியோ பார்த்தேன். 1953-ல் பெரு நாட்டில் தூண்டில்கோலால் பிடித்த மார்லின் மீன், 707 கிலோ! அது பணக்காரர் விளையாட்டு, பையன் அதைப் பார்த்து ஆசைப்படாமல் இருந்தால் சரி. அப்புறம், திமிங்கலச் சுறா வலையில் சிக்கினால் யோசிக்காமல் வலையை அறுத்துவிடச் சொல். 2001 முதல் அதைப் பிடிப்பது குற்றம். வலை போனால் வாங்கிக்கொள்ளலாம்.

பாரத்தோடு வரும்போது தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலிலும் கவனம் தேவை. மணல் சேர்ந்த இடத்தில் அலை உடைந்து எத்தனை வள்ளங்களைக் கவிழ்த்திருக்கிறது என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவனை வீட்டுக்கு வரச்சொல், கயிறு போடுவதைக் கையில் காட்டித் தருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? வரும்போது தடித்த ரப்பர் கையுறை நாலு சோடி வாங்கி வா. இங்கே கிடைப்பது ஒரு மாதம்கூட உழைப்பதில்லை. மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேவியர்