எச் தெருவில் சிப்பி

வாஷிங்டன்
ஏப்ரல் 2017

அன்புள்ள ஸ்டீபன்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் மகளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை கிடைத்தது பெரிய நிம்மதி. மாடிக்கு ஓடா, கான்கிரீட்டா என்று கேட்டிருந்தாய். நான் இன்ஜினியர் இல்லை, ஆனாலும் அந்தக் கடல்காற்றில் கம்பி என்ன பாடுபடும் என்று உனக்கே தெரியும். ஓடு போடு.

போன சனிக்கிழமை மகன் ஜெரி என்னையும் லில்லியையும் எச் தெருவில் பெல்ஜியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனான். 'கிரான்வில் மூர்ஸ்' என்று கடைக்குப் பெயர். கேஸ்ட்ரோபப் வகைக் கடை, அதாவது பீர் கடைதான், ஆனால் சமையலையும் ஒழுங்காகச் செய்வார்கள். லண்டனில் 1991இல் ஈகிள் என்ற கடையில் இந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். இந்தக் கடை குறுகலான பழைய கட்டடம், செங்கல் சுவர், சாப்பாட்டு அட்டையைப் படிக்க செல்போன் விளக்கு வேண்டியிருந்தது. லில்லி உள்ளே வந்ததுமே, "கரண்டு போயிருக்கா?" என்றாள்.

அங்கே முக்கியமான சாப்பாடு என்ன தெரியுமா? சிப்பி! இவர்கள் 'மசல்' என்பார்கள், நம் குளச்சல் பாறையில் முங்கி எடுக்கிறதற்கு உறவு. இங்கே தோடு கறுநீலமாக இருக்கும், அளவும் கொஞ்சம் சிறிது. அமெரிக்கக் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கயிறு கட்டி வளர்ப்பது. ஒரு முழுச் சட்டி கொண்டுவந்து ஆளுக்கு முன்னால் வைக்கிறார்கள். பெல்ஜியத்தில் முள்கரண்டிகூடத் தேவையில்லையாம். முதல் சிப்பியைத் தின்றுவிட்டு, அந்தக் காலித் தோட்டையே இடுக்கியாக வைத்து மற்றதைப் பிடுங்கித் தின்பார்களாம். ஜெரி செய்து காட்டினான். இரண்டாவது சிப்பியிலேயே எனக்கும் கை வந்துவிட்டது.

இரண்டு சட்டி வாங்கினோம். ஒன்று வெள்ளை ஒயினும் சின்ன வெங்காயமும் போட்டது. இன்னொன்று நீலச் சீஸும் பன்றி இறைச்சியும் கீரையும் சேர்ந்தது. கடைக்குப் பேர் வாங்கித் தந்தது இந்தச் சீஸ் சட்டிதான் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. சீஸ் வந்து உட்கார்ந்ததும் கடல் வாசனை ஓடிவிடுகிறது. ஒயின் சட்டியின் அடியில் நின்ற சாற்றில் ரொட்டியை முக்கித் தின்றேன் பார், அதற்கு ஈடு இல்லை. உருளைக்கிழங்கை இரண்டு தடவை பொரிக்கிறார்கள். முதலில் சூடு குறைந்த எண்ணெயில் உள்ளே வேகும்வரை, ஆறியதும் நல்ல சூட்டில் மொறுமொறுவென்று. தொட்டுக்கொள்ள மயோனைஸ்.

பீர் ஒன்றே ஒன்று குடித்தேன், லில்லி பக்கத்திலேயே இருந்தாள். ஓர்வால் என்ற மடத்துத் துறவிகளின் பீர், அதற்கென்றே தனிக் கோப்பை. நம் ஊர்ப் பீரைவிடச் சற்றுக் கைப்பு. பெல்ஜியத்தில் 1919இல் மதுக்கடைகளில் சாராய வகைகளை விற்கத் தடை போட்டார்களாம். அதற்கப்புறம் குடிப்பவர்கள் போதை கூடின பீர் தேட, காய்ச்சுபவர்களும் போதையைக் கூட்டினார்கள். தடைச் சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்தக் கடைப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரான்வில் மூர் என்பவர் அதே கட்டடத்தில் நோயாளிகளைப் பார்த்த டாக்டர். காசில்லாதவர்களுக்கும் வைத்தியம் பார்ப்பாராம். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கை மெம்ஃபிஸில் சுட்டுக் கொன்றபோது வாஷிங்டன் பற்றி எரிந்தது. மிக மோசமாக அடிபட்ட தெருக்களில் எச் தெருவும் ஒன்று. அடுத்த வருஷத்தோடு ஐம்பது ஆண்டு ஆகிறது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் பூட்டிய கடைகளும் காலி மனைகளும்தான். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், "இருட்டின பிறகு அந்தப் பக்கம் போகாதே" என்று ஆபீசில் சொன்னார்கள். நானும் போனதில்லை.

பிறகு அங்கே பழைய அட்லஸ் திரையரங்கைக் கலை அரங்கமாக்கினார்கள், மதுக்கடைகள் வந்தன, இந்தக் கடை 2007இல் வந்தது. 1962இல் நகரத்தில் நிறுத்திய டிராம் போன வருஷம் இந்தத் தெருவில் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. யூனியன் ஸ்டேஷன் பின்புறத்திலிருந்து பென்னிங் ரோடு வரை, டிக்கெட்டே கிடையாது. நம் ஜெரியும் இந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறான். வாடகையைச் சொன்னால் நீ அந்தக் காசுக்குக் குளச்சலில் மனை பார்ப்பாய்.

கடையிலிருந்து சில அடி நடந்தால் 12ஆம் தெருவில் 'ஹோரஸ் அண்ட் டிக்கீஸ்'. 1990இலிருந்து இருக்கிறது. இரண்டு துண்டு வெள்ளை ரொட்டிக்கு நடுவே அடங்காமல் பொரித்த மீன், கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், வயதானவர்கள். நாங்கள் உட்கார்ந்து தின்ற கடையில் அப்படி ஒரு மேசைகூட என் கண்ணில் படவில்லை. 1970இல் இந்த நகரத்தில் பத்தில் ஏழு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். இப்போது பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்த டாக்டரிடம் மருந்து வாங்கிய குடும்பங்களில் எத்தனை பேரால் இன்று இங்கே வாடகை கொடுக்க முடியும்?

இதை நான் சொன்னதும் ஜெரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ பூட்டியே கிடந்திருக்கணுமா அப்பா? சும்மா கிடந்த கட்டடத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு?" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் கட்டடம் பூட்டிக் கிடந்த காலத்திலும் அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் இருந்தார்களே, டிராம் அவர்களுக்கு அப்போதே வந்திருந்தால் என்ன என்று கேட்டேன். பில் வந்தது, பேச்சு நின்றது. அவனே கொடுத்தான், மக்கா. அது வேறு ஒரு மாதிரி இருந்தது.

ஜூலையில் வருகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது. அப்போது சிப்பி கிடைக்குமா, விலை என்ன போகிறது என்று விசாரித்து எழுது. தேங்காய் எண்ணெயில் மிளகு தட்டிப்போட்டுப் பொரித்துத் தின்ன வேண்டும் என்று லில்லி இப்போதே ஆரம்பித்துவிட்டாள். உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, டாக்டரைப் பார்த்தாயா இல்லையா?

அன்புடன்,
ஜோசப்