கிரேக்கர்களிடம் காற்றுப் பம்பு இருந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் வானியல் பக்கத்தில், வானத்திலுள்ள 88 விண்மீன் கூட்டங்களுக்கும் பழங்காலக் கிரேக்கர்களே தங்கள் புராணங்களிலிருந்து பெயர் வைத்தார்கள் என்று ஒரு வரி வந்திருக்கிறது. எனக்கு ஒரு சின்ன சந்தேகம், தாங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். தென்வானத்தில் காற்றுப் பம்பு என்று ஒரு கூட்டம் இருக்கிறது. நுண்ணோக்கி, தொலைநோக்கி, ஊசல் கடிகாரம் எல்லாம் இருக்கின்றன, உலைகூட இருக்கிறது. இதையெல்லாம் எந்தக் கிரேக்கத் தெய்வம் கையில் வைத்திருந்தது?

இவை பிரெஞ்சு வானியலாளர் லக்காய் வைத்த பெயர்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1751, 52இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் உட்கார்ந்து தென்வானத்தை அளந்தவர், தன் காலத்துக் கருவிகளையே மேலே ஏற்றிவிட்டார். போகிற போக்கில் அங்கே பக்கத்தில் நின்ற மேசை மலைக்கும் வானத்தில் ஓர் இடம் கொடுத்தார். அவருக்கு நூற்றைம்பது வருடம் முன்னால், டச்சுக் கப்பல்களில் கிழக்கே போன கெய்சரும் ஹௌட்மனும் குறித்துவந்த விண்மீன்களிலிருந்துதான் மயில், பச்சோந்தி, பறக்கும் மீன் என்று 12 கூட்டங்கள் வந்தன. அந்தக் கப்பல்களில் கிரேக்கப் புராணம் எங்கே ஏறியது?

கிரேக்க வானியலாளர் தாலமி 2ஆம் நூற்றாண்டில் பட்டியல் போட்டது 48 கூட்டங்கள்தான். அதில் ஆர்கோ என்ற கப்பல் மிகப் பெரிது என்று பின்னால் அதை மூன்றாக வெட்டினார்கள், அப்படிக் கூட்டினாலும் 50. மிச்சம் 38 கட்டுரையாளருக்கு எங்கே கிடைத்ததோ! அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமிக்குத் தென்துருவத்தைச் சுற்றிய வானம் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, பார்க்காத வானத்துக்கு மனுஷன் எப்படிப் பெயர் வைப்பார்? சரி, அந்த 48 கூட்டங்களாவது முழுசாகக் கிரேக்கர்களுடையதா என்றால் அதுவும் இல்லை. காளை, சிங்கம், தேள், ஆட்டுத் தலையும் மீன் வாலுமான மகரம் எல்லாம் மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் ஏற்கெனவே இருந்தவை. 88 என்ற கணக்கையே சர்வதேச வானியல் ஒன்றியம் 1922இல்தான் முடிவு செய்தது.

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்றால், மொட்டைமாடியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வானம் காட்டுகிறவன் நான். இந்தப் பெயர்க் கதைகளைச் சொல்லித்தான் அவர்களை அண்ணாந்து பார்க்க வைக்கிறேன். போன வாரம் ஒரு பெண் உங்கள் பக்கத்தை மடித்து எடுத்துவந்து, “நீங்க சொல்றது தப்பு சார், பத்திரிகையிலேயே போட்டிருக்காங்க” என்றாள். அச்சில் வந்ததற்கு எதிராக நான் என்ன பேசி என்ன?

முதல் தடவை என்றாலும் பரவாயில்லை. முன்பு ஓர் இதழில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் படம் இடம் வலம் மாறி வந்தது, திருவாதிரை இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் போயிருந்தது. பழைய வான உருண்டையின் படத்தை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பது என் ஊகம், அந்த உருண்டைகளில் வானத்தை வெளியிலிருந்து பார்ப்பதுபோலத்தான் வரைவார்கள். அதற்கும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. சப்தரிஷி மண்டலம் பெருங்கரடிக் கூட்டத்தின் ஒரு பகுதிதான், அதையே தனிக் கூட்டமாகப் போட்டபோது தொலைபேசியில் அழைத்தேன். “சின்ன விஷயம்தானே சார்” என்று எடுத்தவர் சொன்னார். ராசிபலனில் தேதி மாறிவிட்டால் மட்டும் அடுத்த இதழிலேயே கட்டம் கட்டி வருத்தம் தெரிவிக்கிறீர்கள். அது பெரிய விஷயம் போலிருக்கிறது.

இன்னொன்று. கிரேக்கக் கதைதான் வேண்டுமென்றால் பெரனிசி ராணியின் கூந்தல் என்ற கூட்டத்தை எப்படி விட்டீர்கள்? போருக்குப் போன கணவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று எகிப்து ராணி வெட்டிக் காணிக்கை வைத்த கூந்தல் கோவிலிலிருந்து காணாமல் போக, அரண்மனை வானியலாளர் கோனன், அது வானத்துக்குப் போய்விட்டது என்று கைகாட்டித் தப்பித்தார் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் வானியலாளர் எவேலியுஸ் போலந்து மன்னர் சொபியெஸ்கியின் கேடயத்தை மேலே ஏற்றினார், இன்றைக்கும் அது கேடயம் என்ற பெயரில் இருக்கிறது. ஆளுகிறவர்களுக்கு வானத்திலும் இடம் ஒதுக்குவது அப்போதே இருந்த பழக்கம்! 1799இல் பிரெஞ்சு வானியலாளர் லாலாந்து ஏற்றிய பூனைக்குத்தான் இன்றைய 88 கூட்டங்களில் இடம் கிடைக்கவில்லை, அதற்குச் சிபாரிசு செய்ய ஆள் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், கடைசிப் பக்கம் மூலையில் என்றாலும் சரி. மாதா மாதம் வரும் வான வரைபடத்தில் ஒவ்வொரு கூட்டத்தின் பெயருக்குக் கீழும் அது எந்தக் காலத்துப் பெயர் என்று சின்ன எழுத்தில் சேர்த்தால் இன்னும் நல்லது. எழுதித்தர ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்