ஸ்டியரிங் உதறல்: உன் வேனுக்காக ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து அம்மா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் படிப்பை முடித்துவிட்டாள், வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

கடைசிப் பத்தியில் போகிற போக்கில் வேனைப் பற்றி எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 85 கிலோமீட்டரில் லேசாக ஆரம்பிக்கிறது, 95, 100-ல் ஸ்டியரிங் இரண்டு கையையும் உதறுகிறது, 110 தாண்டினால் கொஞ்சம் அடங்குகிறது என்கிறாய். முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடுகிற பால் ஜாயின்ட், ஸ்டியரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்ட், குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக், சரி சொல்லிவிடவா என்று கேட்கிறாய். இப்போதைக்குச் சொல்லாதே.

காரணம் இருக்கிறது. இந்த மாதிரி உதறலில் உதைக்கிறவன் ஒருத்தன், அதற்கு வழி விடுகிறவன் இன்னொருத்தன். தேய்ந்த ஜாயின்ட் தானாக எதையும் ஆட்டாது. சுற்றுகிற ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை கொடுக்கிறது. ஜாயின்ட் தளர்ந்திருந்தால் அந்த உதை குறையாமல் உன் கைக்கு வந்து சேருகிறது. ஜாயின்ட்டை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். உதைக்கிறவன் உள்ளேயே உட்கார்ந்து புது ஜாயின்ட்டையும் தின்றுவிடுவான்.

முதலில் அந்த உதைக்கிறவனைப் பிடி. உன் வேன் டயர் ஏறக்குறைய 30 அங்குல விட்டம் என்று வை. 100-ல் போகும்போது அது நொடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு தடவை சுற்றும். ரிம்மின் ஓரத்தில், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, வெறும் 30 கிராம் கூடுதலாக இருந்தால் போதும், அந்த வேகத்தில் அது மூன்று கிலோவுக்கும் மேலான விசையோடு சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் வெளியே இழுக்கும். 50-ல் போகும்போது அதே 30 கிராமுக்குக் கால்வாசி பலம்தான், அதனால் உனக்குத் தெரிவதே இல்லை. முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் எந்த வேகத்தில் ஆடினால் சுலபமாக ஆடுமோ, அந்த வேகத்தோடு சக்கரத்தின் சுற்று சேரும்போது உதறல் பெரிதாகிறது. தாண்டினால் அடங்குகிறது. நீ சொன்ன 85, 100, 110 கணக்கு அப்படியே இதுதான். அதனால்தான் என் சந்தேகம் முழுக்க டயர், ரிம், ரிம்மை மாட்டுகிற நடுப்பாகமான ஹப் மேலேயே இருக்கிறது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், ஆளில்லாத நேரான சாலையில், உதறுகிற வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நியூட்ரலுக்குக் கொண்டு வா. என்ஜினை அணைத்துவிடாதே, பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் போய்விடும். அப்போதும் உதறினால் என்ஜின் மேல் பழி இல்லை. என்ஜின் அதிர்வு வேறு மாதிரி, பாதத்தில் ரீங்காரம் போலக் கூசும், இப்படிக் கையைப் பிடித்து ஆட்டாது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். உனக்கு அப்படி இல்லை, விட்டுவிடு.

‘வீல் பேலன்சிங் பார்த்தாச்சு, மெஷினில் சைபர் காட்டியது’ என்று எழுதியிருந்தாய். அங்கேதான் நான் ஏமாந்தேன். என் வேனுக்கும் இதே வியாதி வந்தது. மூன்று தடவை பேலன்சிங் செய்தேன், மூன்று தடவையும் இரண்டு பக்கமும் சைபர். உதறல் மட்டும் போகவில்லை. சாதாரண பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றி எடையை மட்டும்தான் பார்க்கிறது. வண்டியின் பாரம் மேலே உட்காரும்போது டயரில் ஓர் இடம் மற்ற இடத்தைவிட விறைப்பாக இருந்தாலோ புடைத்திருந்தாலோ அதற்குத் தெரியாது. பாரம் கொடுத்து அளக்கிற மெஷின் தனியாக இருக்கிறது, அது கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

எனக்கு அது கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஒரு செங்கல்லின் மேல் விறைப்பான கம்பித் துண்டு ஒன்றைக் கட்டி, அதன் நுனி டயரின் பட்டனுக்கு, அதாவது தரையில் படுகிற ரப்பருக்கு, தீக்குச்சி கனம் தள்ளி நிற்கிற மாதிரி வைத்தேன். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். வலப்பக்கம் இடைவெளி மாறவே இல்லை. இடப்பக்கம் முக்கால் சுற்று வரை சரியாக வந்தது, அப்புறம் கம்பி ரப்பரில் உரசி ‘சர்ர்’ என்று ஒரு சத்தம், ஒரு சாண் நீளத்துக்கு. மறுபடி இடைவெளி. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் தோலுக்கு அடியில் கட்டி இருக்கிற மாதிரி மெத்தென்று ஒரு மேடு. பட்டன் பாதிகூடத் தேயவில்லை, கண்ணுக்குப் புது டயர். உள்ளே எஃகுக் கம்பிப் பட்டை ரப்பரை விட்டுப் பிரிந்துகொண்டிருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: அப்படிப் பிரிந்த டயர் வேகத்தில் பட்டனை அப்படியே உரித்துப் போட்டுவிடும். அதைப் பார்த்த அன்றைக்கே கழற்றிவிட்டேன். உனக்கும் அப்படி ஒரு மேடு தட்டுப்பட்டால் அதன் மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. டயரின் பக்கவாட்டில் தேதிக் குறியின் கடைசி நாலு இலக்கத்தையும் பார். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

மேடு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் முன் டயர்களைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டு. பெரிய வேன்களில் முன்னுக்கும் பின்னுக்கும் காற்றழுத்தம் வேறு வேறாக இருக்கலாம், டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி சரி செய்துகொள். உதறல் கையை விட்டு இருக்கைக்குப் போனால் டயரோ ரிம்மோதான். போகாமல் கையிலேயே நின்றால் ஹப், டிஸ்க், ஜாயின்ட் பக்கம் திரும்பலாம். கழற்றியதும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடு. அங்கே செதிளாகத் துரு இருந்தால் ரிம் நேராக உட்காராது. நட்டுகளை எதிரெதிராக, முடுக்கும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில், மேனுவலில் உள்ள அளவுக்கு முடுக்கு. கடையில் நட்டு முடுக்குகிற காற்றுத் துப்பாக்கியால் வரிசையாக அடிக்க விடாதே.

வழி விடுகிறவனைத் தேடுவது இதற்கப்புறம்தான். சுருள் ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருந்தால் ஜாக்கியை அந்த ஆர்முக்கு அடியில் கொடு, இல்லாவிட்டால் பால் ஜாயின்ட்டின் தளர்வு வெளியே தெரியாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல். நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சின்னதாக ஆட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால் தொட்டுப் பார். எனக்கு ஐட்லர் ஆர்ம், அதாவது ஸ்டியரிங் தண்டின் மறுமுனையைத் தாங்குகிற கை, மேலும் கீழும் ஏறி இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. டயர் மாற்றியபோது ஐந்தில் நாலு பங்கு உதறல் போனது, மிச்சம் அந்த ஐட்லர் ஆர்மை மாற்றியதும் போனது. பால் ஜாயின்ட்டுகளைத் தொடவே இல்லை, இன்றும் அதேதான் ஓடுகின்றன.

ஸ்டியரிங் டாம்பர், அதாவது ஸ்டியரிங்குக்கு ஒரு ஷாக் அப்சார்பர், போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது உதறலை மூடி மறைக்கும், டயர் உள்ளே பிரிவது உனக்குத் தெரியாமலே போகும். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், தவறினால் டயர் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இப்படி உதறுவதற்கு அதுவே காரணமாவது அபூர்வம். எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில் அதைப் பார்த்தால் போதும்.

டயரை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்ததும் உடனே எழுது: உதறல் கையிலா, இருக்கையிலா என்று. அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போவதை அதுவரை தள்ளிப்போடு.

அன்புடன்,
உன் நண்பன்