சிட்ரஸ் ரகங்களை எண்ணினா மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிட்ரஸ்னு சொல்ற ஆரஞ்சு, எலுமிச்சை குடும்பத்தைப் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசியில உலகத்துல இத்தனை நூறு ரகம் இருக்கு அதனால மரபணு வளத்துக்குப் பஞ்சமே இல்லைங்கற மாதிரி முடிச்சிருந்தாங்க பாருங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். ரகம் எத்தனைங்கறது ஒரு கணக்கு, மரபணு பல்வகைமை எவ்வளவுங்கறது வேற கணக்கு. சிட்ரஸ்ல இந்த ரெண்டும் ஒட்டவே ஒட்டாது.

நேவல் ஆரஞ்சு, வேலன்சியா, உள்ள ரத்தச் சிவப்பா இருக்கற ப்ளட் ஆரஞ்சு, இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சா யாரும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா வழக்கமா பயன்படுத்தற மைக்ரோசாட்டலைட் மார்க்கர், அதாவது மரத்துக்கு மரம் ஒப்பிட உதவற டிஎன்ஏ அடையாளம், அதை வச்சுப் பாத்தா மூணையும் பிரிச்சுச் சொல்றதே பெரும்பாடு, ஏன்னா இனிப்பு ஆரஞ்சு மொத்தமுமே ஒரே ஒரு மூல மரத்துல இருந்து வந்த கூட்டம். எங்கயோ ஒரு கிளையில சின்னதா ஒரு மாற்றம் வரும், யாராவது கவனிச்சு அதை வெட்டி ஒட்டுக் கட்டுவாங்க, புதுப் பேரு கெடைக்கும், அவ்வளவுதான். வாஷிங்டன் நேவல் அப்படித்தான், பிரேசில்ல பஹியாவுல வந்த ஒட்டுக்கன்னுங்க 1870ல அமெரிக்கா போச்சு, 1873ல ரெண்டு மூணு கன்னு கலிபோர்னியாவுல ரிவர்சைடுக்குப் போய் அங்கேருந்து ஒட்டு மேல ஒட்டா உலகம் பூரா பரவிடுச்சு. ப்ளட் ஆரஞ்சு கதையும் இப்படித்தான், ரூபிங்கற ஜீனுக்குப் பக்கத்துல இடம் விட்டு இடம் தாவற ஒரு டிஎன்ஏ துண்டு வந்து உக்காந்துடுச்சு, குளிர் பட்டா அது ஜீனை முடுக்கி விடுது, பழம் செவக்குது. சாப்பிடறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம், ஆனா ஒரு நோய்க்கிருமி வந்தா அதுக்கு இந்த எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே மரந்தான்.

சரி, ஒட்டுக் கட்டாம விதை போட்டு வளத்தா மாறிடாதான்னு கேக்கலாம். இங்கதான் சிட்ரஸ் வித்தியாசமானது, ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட், கமலா ஆரஞ்சு மாதிரி தோல் லேசா உரியற மாண்டரின்ல நெறைய வகை எல்லாத்துலயும் ஒரே விதைக்குள்ள பல கரு இருக்கும், அதுல பெரும்பாலானது மகரந்தச் சேர்க்கையில உண்டானதே இல்ல, தாய் மரத்தோட திசுவுல இருந்தே வளர்றது, அதாவது தாயோட ஜெராக்ஸ், குளோன்னு சொல்றது இதைத்தான். பம்ளிமாஸும், தடிச்ச தோல் இருக்கற சிட்ரானும் அப்படி இல்ல, விதைக்கு ஒரு கருதான், அதனால பம்ளிமாஸ்ல ஒவ்வொரு விதையும் நெஜமாவே ஒரு புது மரம். பம்ளிமாஸ்ல பத்து மரத்தை அளக்கறதும் ஒண்ணுக்கொண்ணு ஜெராக்ஸா இருக்கற லெமன்ல பத்து மரத்தை அளக்கறதும் எப்படிங்க ஒண்ணாகும்?

இதனாலதான் இனம் எத்தனைங்கறதுலயே பெரியவங்க தடுமாறினாங்க. தாவர ஆய்வாளர்கள்ல ஸ்விங்கிள் 16ன்னாரு, டனாகா 160க்கு மேலன்னாரு. 1976லயே பாரெட், ரோட்ஸ்ங்கற ரெண்டு ஆய்வாளர்கள் டிஎன்ஏ எல்லாம் பாக்காம இலை, பூ, பழத்தோட குணங்களை அளந்தே மூலம் மூணுதான், சிட்ரான், பம்ளிமாஸ், மாண்டரின்னு சொல்லிட்டாங்க, எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமான விஷயம் அது. அப்புறம் 2018ல 60 சிட்ரஸ் ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏவை ஒப்பிட்டு வந்த ஆய்வு, இமயமலையோட தென்கிழக்கு அடிவாரத்துல சுமார் 80 லட்சம் வருஷம் முன்னாடி இந்தக் குடும்பம் கிளைவிட ஆரம்பிச்சதுன்னு காட்டுச்சு. பம்ளிமாஸும் மாண்டரினும் சேந்தது புளிப்பு ஆரஞ்சு, புளிப்பு ஆரஞ்சும் சிட்ரானும் சேந்தது மஞ்சளா நீளமா இருக்கற லெமன், சின்ன உருண்டை எலுமிச்சை அதுல இருந்து வேற, அது மைக்ராந்தான்னு ஒரு காட்டு வகையும் சிட்ரானும் சேந்தது. தாய் யாருன்னு பாக்கணும்னா குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏவைப் பாப்பாங்க, அது தாய்வழி வர்றது, லெமனுக்கு அது பம்ளிமாஸ் ஜாடையில இருக்கும், ஏன்னா அதோட தாய் புளிப்பு ஆரஞ்சு, அதுக்குத் தாய் பம்ளிமாஸ்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. பல்வகைமை அளவுன்னு ஒரே ஒரு சராசரி எண்ணைப் போட்டா அது வாசகரைத் தப்பான பக்கம் தள்ளிடும். ஒரு லெமன் மரத்தை எடுத்துக்கோங்க, 9 ஜோடி குரோமோசோம், ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு சிட்ரான்கிட்ட இருந்து வந்தது, இன்னொண்ணு புளிப்பு ஆரஞ்சு குடுத்தது, அதனால ஒரே மரத்துக்குள்ள ரெண்டு பிரதிக்கும் நடுவுல வித்தியாசம் ரொம்ப ரொம்ப அதிகம், ஹெட்டரோசைகோசிட்டின்னு சொல்றது இதைத்தான். ஆனா அடுத்த லெமன் மரத்தைப் பாத்தா அதே வித்தியாசம் அப்படியே அச்சு மாறாம இருக்கும். டிஎன்ஏவுல ஒரு இடத்துல எல்லா மரத்துலயும் ரெண்டு வடிவமும் இருக்குன்னு வைங்க, ஆய்வுல பாத்த ஹெட்டரோசைகோசிட்டி 1ன்னு வரும், தாராளமா கலந்து வளர்ற கூட்டத்துல எதிர்பாக்கற மதிப்பு 0.5 தான். பாத்தது எதிர்பாத்ததை இவ்வளவு தாண்டுச்சுன்னா அது வளத்தோட அடையாளம் இல்லைங்க, குளோனோட அடையாளம். சிட்ரான் இதுக்கு நேர் எதிரு, பூ விரியறதுக்கு முன்னாடியே தனக்குள்ளயே மகரந்தச் சேர்க்கை நடக்கறது உண்டு, அதனால ஒரு மரத்துக்குள்ள வித்தியாசம் ரொம்பக் குறைவு, ஆனா அதுதான் லெமனுக்கும் எலுமிச்சைக்கும் தகப்பன், மதிப்பு கம்மின்னு அதைத் தள்ளிட முடியுமா.

அளக்கறதுலயும் கவனம் வேணும். ஒட்டு மரத்துல அடியில முளைக்கற தளிரைப் பறிச்சுட்டா வேர்க்கன்னோட, அதாவது ஒட்டுக்கு அடியில வேரா நிக்கற மரத்தோட டிஎன்ஏவைத்தான் அளந்திருப்போம். ஒரே குளோன் பல பேர்ல வரும், ஒரே பேர்ல வேற வேற மரமும் வரும், அதை எல்லாம் சலிச்செடுத்துட்டு மிச்சம் எத்தனை தனித்தனி ஜீனோடைப், அதாவது மரபணு அமைப்புன்னு சொன்னாத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

இது ஆராய்ச்சிக்காரங்க கவலை மட்டும்னு நெனைக்காதீங்க. உலகத்துல பெரும்பகுதி தோட்டத்துக்குப் புளிப்பு ஆரஞ்சையே வேர்க்கன்னா வச்சிருந்த காலத்துல டிரிஸ்டெசா வைரஸ் வந்து கோடிக்கணக்கான மரத்தைக் கொன்னுச்சு. அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுல 2005ல பாக்டீரியாவால வர்ற கிரீனிங் நோய் தெரிய வந்துச்சு, 2003-04ல சுமார் 24 கோடி பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம் 2022-23ல 1.6 கோடி பெட்டிக்கும் கீழ போயிடுச்சு, புயலும் ஒரு காரணந்தான், ஆனாலும் எத்தனை பேருள்ள ஆரஞ்சு அங்க நின்னு என்ன புண்ணியம், எல்லாமே ஒண்ணா படுத்துடுச்சு. தாங்கற குணத்தைத் தேடி இப்ப மூவிலை ஆரஞ்சு, ஆஸ்திரேலியாவோட ஃபிங்கர் லைம்னு யாரும் பெருசா மதிக்காத சொந்தக்காரங்க கிட்டத்தான் போயிருக்காங்க.

அதனால என்னோட வேண்டுகோள் இதுதான், அடுத்த தடவை இந்த விஷயம் வரும்போது எத்தனை ரகம்னு போடறதோட நிறுத்தாம, அதுல குளோன் போக எத்தனை, எந்த மார்க்கர் வச்சு அளந்தாங்க, காட்டு வகையையும் சேத்துப் பாத்தாங்களா, இந்த மூணையும் கட்டுரை எழுதறவங்ககிட்ட கேட்டு வாங்கிப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்