மழைக்கு முன்னால் உங்கள் மெஷ் பெட்டியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள்

திருத்துறைப்பூண்டி,
புரட்டாசி மாதம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வருஷத்திலிருந்து எங்களிடம் மெஷ் பெட்டி வாங்கிய எல்லோருக்கும் இந்த மடல். டவரும் நெட்டும் இல்லாதபோதும் போனிலிருந்து குறுஞ்செய்தியும் இருப்பிடமும் அனுப்ப உதவும் சின்ன ரேடியோ பெட்டிதான் அது. வாங்கலாமா என்று விசாரித்துவிட்டுப் போனவர்களும் படிக்கலாம். முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், அப்புறம் மற்றது.

போன மாதம் எழுபதை நெருங்கும் ஒரு அம்மா கடைக்கு வந்தார். கிராமத்தில் தனியாக இருக்கிறார், மகன் சிங்கப்பூரில் வேலை. மகன் சொல்லித்தான் பெட்டி வாங்கினார். "தம்பி, என் வீடு எங்க இருக்குன்னு பக்கத்து ஊர்ப் பையன் போன்ல காட்டுறானே, இது என்ன?" என்று கேட்டார். பையன் கெட்டவன் இல்லை. அவனும் எங்களிடம் பெட்டி வாங்கியவன்தான். அவன் போனில் வரைபடத்தைத் திறந்ததும் அந்த அம்மாவின் பெயர், வீட்டின் மேலேயே வட்டமாக நிற்கிறது. பெட்டியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, கடைசியாக எப்போது பேசியது என்பதுகூடத் தெரிகிறது. தனியாக இருக்கும் ஒரு பெண்மணியின் வீட்டு வாசலை நாங்கள் இப்படி ஊருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறோம்.

இதற்குக் காரணம் நாங்கள்தான். பெட்டியைச் சோதிக்கும்போது இருப்பிடம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, துல்லியத்தை முழு அளவுக்கு ஏற்றி வைப்போம். விற்கும்போது அதைத் திரும்ப இறக்க வேண்டும். நிறையப் பெட்டிகளில் இறக்காமலே கொடுத்துவிட்டோம். அதுவும் எல்லோருக்கும் பொதுவான சேனலில். சேனல் என்றால் செய்தி போகும் குழு. அந்தச் சேனலுக்கும் சாவி, அதாவது செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசியக் குறியீடு, உண்டு. ஆனால் அது உலகம் முழுக்கத் தெரிந்த சாவி. இதே மென்பொருள் ஓடும் பெட்டி வைத்திருக்கும் எவரும், எட்டும் தூரத்தில் இருந்தால், அதில் வருவதைப் படிக்கலாம். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அன்றைக்கே சரி செய்து கொடுத்தோம். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். உங்கள் பெட்டியையும் காசு வாங்காமல் சரி செய்து தருகிறோம்.

"அப்படியென்றால் இருப்பிடம் காட்டும் வேலையையே நிறுத்திவிடலாமே" என்று சிலர் கேட்டார்கள். நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. காரணம் 2018 நவம்பர் 16.

அன்று அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னை எல்லாம் படுத்துக் கிடக்கிறது, மின்கம்பங்கள் ஒடிந்து கிடக்கின்றன, போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. டவர் நின்ற இடத்திலும் டீசல் தீர்ந்ததும் அடங்கிவிட்டது. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக் கணக்கானது. அந்த நாட்களில் செய்தி என்பது சைக்கிளில், டூவீலரில், நடந்து வந்த ஆள் வாயில் வந்ததுதான். "மேலத்தெருவுல வீடு விழுந்து ஆள் மாட்டிக்கிட்டாங்க" என்று ஒருவர் ஓடி வருவார். எந்த ஊர் மேலத்தெரு? நம் பக்கத்தில் மேலத்தெரு இல்லாத ஊர் உண்டா? கீழத்தெரு, வடக்குத்தெரு, காலனித்தெரு, மாரியம்மன் கோயில் தெரு, எல்லாம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. சொன்னவர் பதற்றத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் ஓடிவிட்டால், போகிற ஆட்கள் சாய்ந்த மரங்களை வெட்டிக்கொண்டே தவறான தெருவுக்குப் போய்ச் சேருவார்கள்.

மழைக்காலத்து உடைப்பும் அப்படித்தான். "கோரையாறு உடைச்சிருச்சு" என்றால் போதாது. எந்தக் கரை, எந்த மதகுக்குக் கீழே என்று தெரியாமல் மணல் மூட்டையை எந்தப் பக்கம் ஏற்றுவது? வலது கரைக்குப் போக வேண்டிய வண்டி இடது கரையில் போய் நின்றால், அடுத்த பாலத்தைத் தேடிச் சுற்றி வருவதற்குள் சம்பா நடவு முழுகிவிடும். அந்த நேரம் பார்த்துக் கடலும் தண்ணீரை வாங்காது.

அதனால்தான் செய்தியோடு இடமும் போக வேண்டும் என்கிறோம். இந்தப் பெட்டியில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. வரைபடத்தில் உடைப்பு இருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து, ஒரு பெயர் கொடுத்து அனுப்பினால், அந்தக் குறி உங்கள் குழுவில் உள்ள எல்லோர் போனிலும் அதே இடத்தில் விழும். இத்தனை மணி நேரத்தில் தானாக அழிந்துபோ என்றும் அதற்குச் சொல்லி வைக்கலாம். இது உங்கள் வீட்டைக் காட்டுவதில்லை, உடைப்பை மட்டும்தான் காட்டும். ஆள் இருக்கும் இடத்தைக் காட்டுவது வேறு, சம்பவம் நடந்த இடத்தைக் காட்டுவது வேறு. பெட்டி விற்ற அன்றே இதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். உள்ளே இருப்பது லோரா என்ற வகை ரேடியோ. வேகம் குறைவு, தூரம் அதிகம். போனுக்கும் பெட்டிக்கும் புளூடூத், பெட்டிக்கும் பெட்டிக்கும் ரேடியோ. மேலே ஓடுவது மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள். சிம் கார்டு வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை, டவரும் வேண்டாம்.

நடவு நாளில் நாற்று முடியை எப்படிக் கொண்டுபோகிறோம்? நாற்றங்காலில் இருப்பவர் வரப்பில் நிற்பவரிடம் வீசுவார், அவர் அடுத்தவரிடம் வீசுவார், கடைசியில் நடுகிறவர் கையருகே விழும். செய்தியும் அப்படி ஆள் மாற்றி ஆள் போகிறது. ஒரு செய்தி காதில் விழுந்ததும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கத்திவிடாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் பொறுக்கும். செய்தி மெலிதாகக் கேட்ட பெட்டி, அதாவது பெரும்பாலும் தூரத்தில் இருப்பது, முதலில் எடுத்துச் சொல்லும். பக்கத்தில் இருக்கும் பெட்டி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து, தூரத்துப் பெட்டி சொன்னதைக் கேட்டுவிட்டால் தான் வாயைத் திறக்காது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! இப்படி 3 முறை கைமாறும்படி வைத்துத்தான் வரும். 7 வரை ஏற்றலாம். ஏற்றாதீர்கள். எல்லோரும் ஏற்றினால் காற்றில் இடமே இருக்காது.

உங்கள் பெட்டி, தன்னால் படிக்க முடியாத செய்தியையும் கைமாற்றிக் கொடுக்கும். பக்கத்துத் தெருவின் சாவி உங்களிடம் இல்லையென்றாலும், பூட்டிய செய்தியைப் பூட்டியபடியே அடுத்தவரிடம் தள்ளிவிடும். அதனால் குடும்பத்துக்கு ஒரு சாவி, தெருவுக்கு ஒரு சாவி என்று வைத்துக்கொண்டாலும் ஊர் முழுக்க ஒரே வலையாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "வேலையே செய்யல" என்று திரும்பி வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் கோளாறு. வீட்டில் யாராவது முதல் சேனலின் பெயரை மாற்றியிருப்பார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் பெட்டி தன் அலைவரிசை இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பெயர் மாறினால் இடமும் நழுவிவிடும். அப்புறம் எதிர் வீட்டுப் பெட்டிகூடக் கேட்காது. இனிமேல் நாங்களே அந்த இடத்தை எண் போட்டு நிறுத்திக் கொடுக்கிறோம்.

நீங்கள் கொண்டு வந்தால் செய்யப்போவது இவ்வளவுதான். முதல் சேனலில் உங்கள் குடும்பமோ தெருவோ மட்டும் அறிந்த சாவி. அதில் துல்லியமான இருப்பிடம் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதை உங்களைக் கேட்டே முடிவு செய்வோம். பொதுச் சேனல் இரண்டாவதாக இருக்கும், அதில் இருப்பிடம் போகவே போகாது. பொதுவில் கொஞ்சமாவது தெரிந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்குத் துல்லியத்தைக் குறைத்து வைக்கலாம். சுமார் 700 மீட்டர், ஒன்றரை கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் என்று படிகள் இருக்கின்றன. எங்கள் அபிப்பிராயம், தனியாக இருப்பவர்கள் பொதுச் சேனலில் எதையும் காட்ட வேண்டாம். பெட்டியின் பெயராக உங்கள் பெயரையும் வைக்க வேண்டாம். "வேப்பமரம்", "பம்புசெட்" என்று உங்கள் ஆட்களுக்கு மட்டும் புரிகிற பெயர் போதும். சாவி ஏற்றிய போன் தொலைந்துவிட்டால் உடனே வந்து சாவியை மாற்றிக்கொள்ளுங்கள்.

நெட் இல்லாமல் இருப்பிடம் எப்படித் தெரியும் என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருகிறது, அதற்கு நெட் தேவையில்லை. திறந்த வெளியில் நின்றால் சில நிமிடங்களில் பிடித்துவிடும். நெட் வேண்டியது கீழே தெரியும் வரைபடப் படத்துக்குத்தான். அதை இறக்கி வைக்காவிட்டால் புயலன்று வெறும் சாம்பல் நிறக் கட்டத்தின் மேல் உங்கள் புள்ளி மட்டும் நிற்கும். கடைக்கு வரும்போது நம் வட்டாரத்தின் படத்தைப் போனிலேயே ஏற்றிக் கொடுக்கிறோம்.

தூரம் பற்றி. நம் பகுதி தட்டை. மலை மறைக்காது, தென்னந்தோப்புதான் மறைக்கிறது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து வயல்வெளி பக்கம் 6, 7 கிலோமீட்டர் தாராளமாகப் போகிறது. அதே பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடர்ந்த தோப்புக்குள் நடந்தால் 1 கிலோமீட்டரிலேயே திணறுகிறது. விலை கூடிய பெட்டியைவிட உயரத்தில் இருக்கும் பெட்டிதான் பலன் தரும். தெருவுக்கு ஒரு பெட்டி மாடியில், டிஷ் கம்பியில், சின்ன சோலார் தட்டோடு இருந்தால் மற்றவர்கள் கையில் இருப்பவை எல்லாம் உயிர்பெறும். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் ஏற்ற விரும்பினால் பஞ்சாயத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள், கேட்காமல் ஏறாதீர்கள். ஆன்டெனா மாட்டாமல் பெட்டியை ஆன் செய்யவே கூடாது. ரேடியோ சில்லு கெட்டுப்போகக்கூடும், அதற்கு வாரன்டி கிடையாது.

எழுதும் அளவும் கொஞ்சம்தான். ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், அதன் மேல் வரும் புள்ளி, கொம்பு, காலுக்கும் தனித்தனியே 3 பைட் போகிறது. "நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன்" என்ற மூன்று சொல்லே 95 பைட். இரண்டு வாக்கியத்தோடு தீர்ந்துவிடும். "பள்ளி. 4 பேர். நலம்." என்றால் 46 பைட், விஷயம் முழுதும் வந்துவிட்டது. தமிழை விட்டுவிட்டு ஆங்கில எழுத்தில் தட்டுங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இருட்டில், கண்ணாடி இல்லாமல், பாட்டிக்கும் படிக்கத் தெரிய வேண்டும். இப்படிப்பட்ட குறுஞ்செய்திகளை இப்போதே எழுதிச் சேமித்து வைத்துவிட்டால் அன்றைக்கு ஒரு தட்டுதான். போட்டோ, குரல் எதுவும் போகாது. அனுப்பியதும் வரும் டிக், பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டி வாங்கிக்கொண்டது என்பதற்கான அடையாளம்தான். குழுவுக்கு அனுப்பிய செய்தியை இன்னார் படித்தார் என்று அதை வைத்து நம்பிவிடாதீர்கள். பதில் வந்தால்தான் உறுதி.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, குறிப்பிட்ட சக்திக்குள், தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005லேயே அனுமதித்திருக்கிறார்கள். பெட்டியின் அமைப்பில் நாடு இந்தியா என்று இருக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 915 பெட்டிகள் வேறு நாட்டுக்கானவை, அவற்றை இங்கே ஓட்டக்கூடாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஆன் செய்யாமல் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

கோடியக்கரை, ஆறுகாட்டுத்துறைப் பக்கமிருந்து வரும் மீனவச் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கரையோரம், உப்பளம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் இது உதவும். ஆழ்கடலுக்கு இதை நம்பிப் போக வேண்டாம். அங்கே கைமாற்ற அடுத்த பெட்டி இருக்காது. அரசு கொடுத்திருக்கும் கருவியும் வயர்லெஸ் செட்டும்தான் அங்கே துணை. ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554. கரையில் இருப்பவர்களுக்கும் போன் வேலை செய்யும் வரை 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறையும் 112ம்தான் முதலில். எங்கள் பெட்டி அதற்கு அப்புறம்தான்.

தீபாவளிக் கூட்டம் தொடங்கினால் கடையில் நிற்க இடம் இருக்காது, மழையும் அதை ஒட்டியே வந்துவிடும். அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் வாருங்கள். பெட்டி, ஆன்டெனா, அதோடு இணைத்த போன் மூன்றும் வேண்டும். ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் ஆகும். தெருவில் நான்கைந்து பேர் சேர்ந்து வந்தால் சாவியை ஒரே முறையில் எல்லோருக்கும் ஏற்றிவிடலாம். வரமுடியாத வயதானவர்கள் சொல்லி அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை கடைப் பையன் வீட்டுக்கு வருவான். அவனுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்