ரெய்ம்ஸுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முடிசூட்டு விழா என்றதும் நம் நாளிதழ்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரோடு நின்றுவிடுகின்றன. பிரான்ஸின் ரெய்ம்ஸ் பேராலயத்தைப் பற்றியும் எழுத வேண்டும். பிராங்க் இன மன்னர் குளோவிஸ் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அந்தப் பெருமைக்காகவே பிரெஞ்சு அரசர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய் முடிசூடினார்கள். கிரீடத்தைவிட அங்கே பூசப்பட்ட புனித எண்ணெய்க்குத்தான் மதிப்பு அதிகம். 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க், எதிரிகள் வசமிருந்த நிலப்பகுதியைக் கடந்து ஏழாம் சார்லஸை அங்கே அழைத்துப் போனது அதற்காகத்தான். ஒரு விவசாயியின் மகள், கையில் கொடியோடு அரசருக்குப் பக்கத்தில் நின்றாள்! கடைசியாக முடிசூடியவர் பத்தாம் சார்லஸ், 1825-இல்.

1914 செப்டம்பரில் ஜெர்மன் படையின் குண்டுவீச்சில் பேராலயத்தின் கூரை எரிந்துபோனது. 1938-இல்தான் முழுமையாக மீண்டும் திறந்தார்கள். அதே இடத்தில் 1962-இல் பிரெஞ்சு அதிபர் டி கோலும் ஜெர்மன் தலைவர் அடேனாவரும் ஒன்றாகத் திருப்பலியில் கலந்துகொண்டார்கள். அங்கே நடந்த எந்த முடிசூட்டையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். உங்கள் மாணவர் பக்கத்திலாவது இந்த வரலாறு வர வேண்டும்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்